ஃபார்மட் அடிக்கிறதுக்கு முன்னாடி...

கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று படுத்துக்கொண்டால் நம் ஊரில் ஒரு சந்தேகப் பட்டியல் தயாராக இருக்கிறது. முதல் குற்றவாளி வைரஸ். இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பையன் ஏற்றிவிட்டுப் போன கேம். மூன்றாவது விண்டோஸ்; பில் கேட்ஸ் மேல் பழியைப் போட்டால் அவர் போடி வரைக்கும் வந்து சண்டை போடமாட்டார் என்கிற தைரியம். நாலாவது ராம். பிறகு கரண்ட், யு.பி.எஸ்., தூசி, மேஜைக்கு அடியில் குடித்தனம் நடத்தும் எலி. இவ்வளவு பேரையும் விசாரித்து முடித்த பிறகுதான், பெட்டிக்குள் ஒரு மூலையில் நாலு ஸ்குரூவில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் ஹார்ட் டிஸ்க் மேல் யாருக்காவது சந்தேகம் வரும். அதற்குள் அது பாதி செத்திருக்கும்.

ராம் போனால் ராம் வாங்கலாம். மானிட்டர் போனால் மானிட்டர் வாங்கலாம். மதர்போர்டு போனால் வீட்டில் நாலு திட்டு வாங்கிக்கொண்டு அதையும் வாங்கலாம். ஹார்ட் டிஸ்க் போனாலும் புதுசு வாங்கலாம்தான். அதில் இருந்ததை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

சிலமலை, போடியிலிருந்து தேவாரம் போகிற வழியில் இருக்கிறது. மேற்கே நிமிர்ந்தால் மலை. விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பும் ஜீப்புகள், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் கேரளப் பக்கம் போகின்றன. அங்கே விளைகிற காய் போடிக்கு வருகிறது. ஏலத்தை ஏலம் விடுகிற ஊர் அது. ஒரு காலத்தில் வாயால் விலை கேட்ட வியாபாரிகள், இப்போது ஸ்பைஸஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறார்கள். கமிஷன் கடைக் கணக்கு, இ-சேவை மையத்து வருமானச் சான்றிதழ், ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் என்று மலையடிவாரத்தில் கம்ப்யூட்டர் இல்லாத பிழைப்பு அபூர்வமாகிவிட்டது. நான் சொல்ல வந்தது ஸ்டுடியோ கதை.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் சிலமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் அவர் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு ஒரு-டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில். ஒரு நாள் போன்.

"அண்ணே, மூணு தடவை ஓ.எஸ். போட்டாச்சு. ராம் மாத்தியாச்சு. எஸ்.எம்.பி.எஸ். மாத்தியாச்சு. இன்னும் நீலக் கலர் வந்து படுத்துக்கிருதுண்ணே."

"எப்பெப்பப் படுக்குது?"

"அது இஷ்டத்துக்குப் படுக்குதுண்ணே."

மனுஷன்தான் இஷ்டத்துக்குப் படுப்பான். மிஷின் ஒரு காரணத்தோடுதான் படுக்கும். "ஒரு பில் புக்கை எடுத்து, படுக்கிறப்ப எல்லாம் மணி என்ன, அப்ப என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்னு பின்பக்கம் எழுதி வை தம்பி" என்றேன். ஒரு வாரத்தில் ஒன்பது வரி எழுதியிருந்தார். ஒன்பதில் ஏழு, ஆவணி மாசத்துக் கல்யாணம் ஒன்றின் போல்டரைத் திறந்த நேரம்.

"அந்தக் கல்யாணத்துலயே ஏதோ கோளாறுண்ணே. பந்தியிலயே ரெண்டு வீட்டுக்கும் சண்டை."

கோளாறு பந்தியில் இல்லை, இடத்தில். எது எதற்கோ படுக்கிற கம்ப்யூட்டரில் ராம், கரண்ட், சூடு என்று யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். குறிப்பிட்ட ஒரு ஃபைலைத் தொட்டால் மட்டும் படுக்கிற கம்ப்யூட்டரில் முதல் சந்தேகம் அந்த ஃபைல் குடியிருக்கும் இடத்தின் மேல்தான் விழவேண்டும். 2024 ஜூலை 19 அன்று உலகம் பூரா ஏர்போர்ட்களில் நீலத் திரை வந்ததே, ஒரு செக்யூரிட்டி கம்பெனியின் தப்பான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தனவே, அதில் டிஸ்க் நிரபராதி. ஊருக்கெல்லாம் ஒரே நாளில் வந்தால் அது சாஃப்ட்வேர். எனக்கு மட்டும், அதே இடத்தில், திரும்பத் திரும்ப வந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான்.

ஒரு போட்டோவைப் படிக்க முடியவில்லை என்றால் போட்டோ வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே, கம்ப்யூட்டர் ஏன் மொத்தமாகச் சாய்கிறது என்று கேட்பீர்கள். ரேஷன் கடை க்யூவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிக்குக் கைரேகை விழவில்லை. துடைத்து வை பாட்டி, அடுத்த விரலை வை, இடது கையை வை... பின்னால் நாற்பது பேர் பையோடு நிற்கிறார்கள். ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். படிக்க முடியாத இடம் ஒன்று வந்தால் விடாமல் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். அந்த நாற்பது பேரில் ஒருவர் விண்டோஸ். தன் ராமில் இடம் போதாமல் கொஞ்சம் சரக்கை அதே டிஸ்க்கில் அடகு வைத்திருக்கிறது. அதைத் திருப்பிக் கேட்டு நிற்கிறது. வழக்கமாக 60 விநாடி வரை பொறுக்கும். பிறகு டிஸ்க்கைத் தட்டி எழுப்பிப் பார்க்கும். அப்படியும் அடகு சரக்கு வரவில்லை என்றால், இனிமேல் ஓடுவது ஆபத்து என்று தானே நிறுத்திக்கொள்ளும். அப்போது நீலத்தில் வருகிற வாசகம்தான் 'கெர்னல் டேட்டா இன்பேஜ் எரர்'. பலபேர் பயத்தில் பவர் பட்டனை அமுக்கிவிடுவதால் அதைப் படிப்பதே இல்லை. படியுங்கள் ஸார்! செல்போனில் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். 'இன்பேஜ்' என்ற சொல் இருந்தால் டிஸ்க், அதன் கேபிள், அதற்குப் போகும் கரண்ட் மூன்றின் மேலும் சந்தேகம் வலுக்கிறது.

இந்த நீலத்துக்கு முன்னால் வரும் அறிகுறிகளும் உண்டு. டிஸ்க் லைட் அணையாமல் ஒட்டிக்கொண்டு எரியும். மவுஸ் அம்பு நகரும், ஆனால் கிளிக் செய்தால் பதில் இருக்காது. வெறுத்துப்போய்ப் பத்து இடத்தில் கிளிக் செய்தபின் பத்தும் ஒரே நேரத்தில் திறக்கும். ஆன் ஆகவே காபி குடித்துவிட்டு வருகிற நேரம் ஆகும். (மதுரை - போடி மீட்டர் கேஜ் ரயிலை 2010 கடைசியில் நிறுத்தினார்கள், அகலப் பாதையில் ரயில் போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. அதோடு ஒப்பிட்டால் தம்பியின் கம்ப்யூட்டர் வேகம்தான்.) காதை வைத்துக் கேட்டால் டக்... டக்... என்று சீராக ஒரு சத்தம் வந்தால், அப்போதே சுவிட்சை அணைத்துவிடுங்கள். விநாடிக்கு 120 சுற்று சுற்றுகிற தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கவேண்டிய முனை அது. அங்கே இடறல் என்றால் ஒவ்வொரு சுற்றும் சேதம்.

சத்தமே இல்லாவிட்டாலும் கேஸ் கட்டு ஒன்று உள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒரு ரிக்கார்டு ரூம் உண்டு. அதில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 என்ற எண் இருந்தால் படிக்க முடியாத இடம் இருக்கிறது என்று அர்த்தம். 153 என்றால் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. 129 என்றால் டிஸ்க்கைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்த தடயம் வேறொன்று. கம்ப்யூட்டர் சாயும்போது கடைசி வாக்குமூலமாக ஒரு டம்ப் ஃபைலை எழுதிவிட்டுச் சாகும். தம்பியின் கம்ப்யூட்டர் ஒன்பது தடவை செத்தும் ஒரு வாக்குமூலம்கூட இல்லை. எதில் எழுதும்? எழுதவேண்டிய டிஸ்க்தானே காணாமல் போனது! திருடனிடமே ஸ்டேஷன் டைரியைக் கொடுத்த மாதிரி.

அடுத்தது ஸ்மார்ட். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைக்கிற கணக்குக்கு அந்தப் பெயர். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டால் வரிசையாகக் காட்டும். இங்கேதான் என் பி.காம். பட்டம் முதல்முறையாக உதவியது. டிஸ்க் செய்கிற கம்பெனி கொஞ்சம் உபரி இடத்தைத் தனியாக ஒதுக்கித்தான் அனுப்புகிறது. காமர்ஸ் படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: வாரா ஐயக்கடன் ஒதுக்கு! ஓரிடம் படிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் அதை முதலில் 197ஆம் வரியில் ஏற்றுகிறது. அது ஐயக்கடன், வரலாம், வராமலும் போகலாம். அந்த இடத்தில் புதிதாக எழுதிப் பார்க்கும்போது சரியாக எழுதினால் கடன்காரன் வந்து கட்டிவிட்டான், வரியிலிருந்து நீக்கம். எழுத முடியாவிட்டால் அது வாராக்கடன்: 5ஆம் வரிக்கு மாற்றி, ஒதுக்கிலிருந்து ஓர் இடத்தை எடுத்துச் சரிக்கட்டும். ஒதுக்கு தீர்ந்தால் கம்பெனி திவால்.

ஐயக்கடன் எல்லாமே டிஸ்க்கின் தப்பும் அல்ல. ஆடிக் காற்றில் தென்னை மட்டை லைனில் விழுந்து கரண்ட் போகிறது, யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போன கணத்தில் தட்டு சுற்றுகிற வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து, முனையை ஓரமாக ஒதுக்கிக்கொள்கிற சாமர்த்தியம் ஹார்ட் டிஸ்க்குக்கு உண்டு. ஆனால் எழுதிக்கொண்டிருந்த வரி பாதியில் நின்றால் நின்றதுதான். அடுத்த நாள் அதைப் படிக்கப் போனால் கணக்கு உதைக்கும், 197இல் ஒன்று கூடும். ஆகவே 197இல் ஒன்றிரண்டு வந்து அப்படியே நின்றால் கலங்க வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஏறினால் கலங்கலாம். தம்பியுடையதில் 18 என்று இருந்தது. "பதினெட்டுதானண்ணே" என்றார். அந்த புரோகிராம் பதினாறின் கணக்கில் எண்ணும் ஆசாமி. 18 என்றால் நம் கணக்கில் 24. வரி எண்ணையும் 197 என்று போடாமல் சி-5 என்றுதான் போடும். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது 30 என்றது, அதாவது 48.

இதற்கு நடுவே, டிஸ்க் 'நார்மல்' என்று கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது சொல்கிறதே என்றால், அது கம்பெனி தானே வைத்த எல்லைக்கோடு. தானே நியமித்த ஆடிட்டர் தரும் சர்டிபிகேட்டுக்கு என்ன மதிப்போ அதே மதிப்பு.

டவுனில் சர்வீஸ் பண்ணுகிறவர் சொன்ன வைத்தியம்: "ஃபார்மட் அடிச்சிரலாம். இல்லாட்டி செக் டிஸ்க் ஓடவிடுங்க, ராத்திரி பூரா ஓடட்டும்." அவரைக் குறை சொல்லமாட்டேன். பத்துக் கம்ப்யூட்டரில் எட்டுக்கு அது சரியான வைத்தியம்தான். சாகிற டிஸ்க்குக்கு மட்டும் அது விஷம். மூணு தடவை ஓ.எஸ். போட்டது எல்லாம் 'சி'யில். சீக்கு இருந்தது 'டி'யில், அதே தட்டில். போட்ட ஒவ்வொரு தடவையும் நோயாளியை எழுப்பி மலையேற விட்ட மாதிரி. செக் டிஸ்க்கை முழுதாக ஓடவிட்டால் அது மூலை முடுக்கு எல்லாவற்றையும் படிக்கும். படிக்க முடியாததை ஃபைலிலிருந்து வெட்டிப்போடும். கட்டடத்தை நேராக்குவதுதான் அதன் வேலை. குடியிருப்பவர்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

இங்கே குடியிருந்தது யார் என்றால், அந்த ஆவணிக் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா. கல்யாணம் முடிந்து நாலே மாசத்தில் இறந்துவிட்டார். பாக்கிப் பணம் வராததால் தம்பி ஆல்பம் அடிக்கவில்லை. கேமராவின் கார்டை அழித்து அதற்கப்புறம் முப்பது விசேஷம் எடுத்தாயிற்று. முதல் வருஷத் திதிக்குப் பெரிசாக ஒரு படம் வேண்டும் என்று மகள் பாக்கிப் பணத்தோடு வந்து நின்ற அன்றுதான் தம்பி எனக்குப் போன் செய்திருக்கிறார். இதை அவர் மூன்றாம் நாள்தான் சொன்னார்.

ஆகவே வரிசையை மாற்றினோம். நோய் என்னவென்று தீர்மானமாகக் கண்டுபிடிப்பது அப்புறம், முதலில் நகல். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, விண்டோஸையே தொடவிடாமல், பென் டிரைவிலிருந்து லினக்ஸை எழுப்பி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச புரோகிராமை ஓட்டினோம். சாதாரணமாக காப்பி செய்தால் முதல் முள்ளிலேயே நின்று மல்லுக்கட்டும். இது தோட்டத்தில் காய் எடுக்கிற மாதிரி வேலை செய்யும். முதல் சுற்றில் சுலபமாகக் கைக்கு வருகிறதை எல்லாம் எடுத்துக்கொண்டு, வராததைத் தொடாமல் தாண்டிப்போகும். அடுத்த சுற்றில் விட்டதற்குத் திரும்பும். எதுவரைக்கும் எடுத்தோம் என்று ஒரு ஃபைலில் குறித்துக்கொண்டே போவதால், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். போயிற்று, நாலு தடவை. நல்ல டிஸ்க் என்றால் ஒரு டெராபைட் சில மணி நேரத்து வேலை. இது இரண்டு நாள் ஓடியது, பக்கத்தில் டேபிள் ஃபேன் வைத்து. (டிஸ்க்கை ஃப்ரிட்ஜில் வை என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே எடுத்ததும் வேர்க்கும். உள்ளே ஈரம் பட்டால் கதை முடிந்தது. ஃப்ரிட்ஜ், மாவுக்கு.) டக் டக் சத்தம் மட்டும் வந்திருந்தால் நாங்கள் இதைக்கூடத் தொட்டிருக்க மாட்டோம், தூசியில்லாத அறை வைத்து டிஸ்க்கைத் திறக்கிற ஆட்களிடம்தான் அனுப்பவேண்டும், அவர்கள் கேட்கிற தொகை ஒரு புதுக் கம்ப்யூட்டர் விலையைத் தாண்டலாம்.

அந்தப் போல்டரில் எட்டுப் போட்டோ மட்டும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிப் போயிற்று. ஏழு பந்தி, ஒன்று நாதஸ்வரக்காரர். அப்பா மாலை எடுத்துக் கொடுக்கிற படம் முழுசாக வந்துவிட்டது.

இப்போது எஸ்.எஸ்.டி. வந்துவிட்டதே, தட்டும் இல்லை, முனையும் இல்லை, இந்தத் தொல்லை ஏது என்கிறவர்களுக்கு ஒரு சமாச்சாரம். குரூஷியல் கம்பெனியின் எம்-4 என்ற எஸ்.எஸ்.டி.யை வாங்கியவர்களுக்குக் கொஞ்ச காலம் கழித்து ஒரு விசித்திரமான வியாதி வந்தது. கம்ப்யூட்டர் படுக்கும். மறுபடி ஆன் செய்தால் நன்றாக ஓடும், சரியாக ஒரு மணி நேரம். மறுபடி படுக்கும். மணி அடித்தாற்போல. ராமை மாற்றினார்கள், விண்டோஸை மாற்றினார்கள். கடைசியில் டிரைவின் உள் புரோகிராமில் இருந்த பிழை என்று தெரிந்தது: மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் ஆரம்பிக்கும். கணக்குப் போட்டால் 216 நாள். 2012 ஜனவரியில் கம்பெனி திருத்தம் கொடுத்தது; உள்ளே இருந்த சரக்குக்குச் சேதம் இல்லை.

ஹெச்.பி.இ. கம்பெனியின் சர்வர்களில் வந்த வியாதி அவ்வளவு சாது இல்லை. 2019 நவம்பரில் அவர்களே எச்சரித்தார்கள்: சில எஸ்.எஸ்.டி.க்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும். செத்தபின் டிரைவும் திரும்பாது, அதில் இருப்பதும் திரும்பாது. 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். 2ஐ 15 தடவை பெருக்கிப் பாருங்கள், அந்த எண் வரும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு உடனே சிரிப்பும் அழுகையும் வரும். 2020 மார்ச்சில் வேறு சில டிரைவ்களுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு ஜாதகம் எழுதினார்கள். இதில் பயங்கரம் எங்கே என்றால், ஒரு சர்வரில் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று நாலைந்து டிரைவ் மாட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டி, ஒரே நாளில் ஆன் செய்திருப்பார்கள். ஆகவே எல்லாம் ஒரே நாளில்...

எல்லா டிஸ்க்கும் சொல்லிவிட்டுச் சாவதும் இல்லை. கூகுள் ஆட்கள் தங்களிடம் ஓடிய ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாக வாய்ப்பு மற்றவற்றைப்போல் 39 மடங்கு. இது ஸ்மார்ட்டின் கட்சிக்கு. எதிர்க்கட்சிக்கு: செத்ததில் 36 சதவீதம் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கில் பிழை என்று ஒன்றுமே ஏறியிருக்கவில்லை. முதல் நாள் வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார் ரகம்.

நல்ல சேதியும் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஸ்மார்ட் கணக்கில் 199 என்று ஒரு வரி, கிரிஸ்டலில் சி-7. ஐந்தும் 197ம் சும்மா இருக்க, இது மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு ஒன்றும் இல்லை. அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் கேபிள் லூஸ், அல்லது கேபிளே மோசம். நூறு ரூபாய்க்குள் முடியும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் புது டிஸ்க் வேண்டும் என்று மானேஜருக்கு நோட் எழுதுவதற்கு முன்னால் இந்த வரியைப் பார்த்துவிடுங்கள். பழைய எண் மறையாது. ஆகவே கேபிளை மாற்றியபின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அது மேலே ஏறவில்லை என்றால் கேஸ் முடிந்தது.

தம்பி இப்போது இரண்டு வெளி டிஸ்க் வாங்கியிருக்கிறார். ஒன்று ஸ்டுடியோவில், இன்னொன்று வீட்டு பீரோவில். ஹெச்.பி.இ. கதையை அவருக்குச் சொல்லியிருந்தேன். ஒன்றைத் தேனியிலும், இரண்டு மாசம் விட்டு இன்னொன்றை மதுரையிலும் வாங்கினாராம், அதுவும் வேறு கம்பெனி.

"லேபிள்ல பொறந்த தேதி பாத்துத்தாண்ணே வாங்கினேன். பொருத்தம் இல்லாம இருக்கணும்ல!"